மண்டபத்தில் கிடா வாசம்

போடி பஜாரில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. மிளகு, கிராம்பு, ஜாதிக்காயும் உண்டு. கடையின் பின்பக்கம் சாக்குகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டு, சில வருடங்களாக நான் அத்தர் செய்துவந்தேன். எங்கிருந்தோ டின்னில் வாங்கிச் சின்ன பாட்டிலுக்கு மாற்றுகிற வேலை அல்ல. ஏலக்காயை நானே காய்ச்சி வடித்தேன். மலையாளத்துக்காரர்கள் தெள்ளி என்று சொல்லும் கருங்குங்கிலியத்தைக் குமுளியில் ஒருவரிடம் வாங்கி, எண்ணெயில் இளக்கி, துணியில் வடிகட்டினேன். கிராம்பும் மிளகும் கடையிலேயே இருந்தன. கடைசியாகக் கோஷ்டம்.

கோஷ்டம் என்பது ஒரு வேர். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதன் வாசத்தை நேராக மோந்தால் யாருக்கும் பிடிக்காது. பல நாள் குளிக்காத தலையும் நனைந்த ஆட்டு ரோமமும் சேர்ந்த மாதிரி இருக்கும். முன்னெல்லாம் இந்த இடத்தில் புனுகு போடுவார்கள். இப்போது அது சட்டப்படி குற்றம். பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டி எடுப்பது பாவமும்கூட. ஆனால் அப்படி ஒரு மிருக வாடை அடியில் கொஞ்சம் கிடந்தால்தான் மேலே இருக்கிற ஏலக்காய் பாயச வாசமாக இல்லாமல் மனிதத் தோலில் ஒட்டும். அதிகமாகப் போனால் எல்லாம் கெட்டது. அந்த அளவுதான் இந்தத் தொழிலே.

பஜாரில் எனக்கு மூக்குக்காரர் என்று ஒரு பெயர் இருந்தது. எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பை யாராவது தலையில் கட்டிவிட்டால் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் ஒரு தடவை மூச்சிழுத்துச் சொல்லிவிடுவேன். அந்தப் பெயரில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கொரோனாவுக்குப் பிறகு வந்த இன்னொரு காய்ச்சலில் எனக்கு வாசம் போனது. முதலில் காபி சாம்பல் மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. திரும்பி வந்துவிடும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. வரவில்லை. அதற்குள் சொல்லாமல் இருந்ததே ஒரு வழக்கமாகிவிட்டது. கிராம்பைக் கொண்டுவந்தால் மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டுவேன். உண்மையில் பல்லில் கடித்து உறைப்பை வைத்துத்தான் சொன்னேன். நாக்கு ஓரளவு வேலை செய்தது.

அத்தரை என்ன செய்வது? அங்கே நாக்கு உதவாது. அதற்கு என் மனைவி இருந்தாள். ஒவ்வொரு தடவை கலந்ததும் அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து, “எப்படி இருக்கு?” என்று கேட்பேன். அவள் “நல்லாருக்குங்க” என்பாள். நான் வார்த்தையைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பேன். புருவம் சுருங்கினால் குங்கிலியத்தைக் கூட்டுவேன். உதடு விரிந்தால் மூடியைப் போடுவேன். அவளுக்கே தெரியாமல் அவள் முகம் எனக்கு மூக்காக இருந்தது.

போன வருடம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் எங்கள் வீட்டில்தான் பாதி வளர்ந்தாள். மாப்பிள்ளை வீடு தேவாரம். திராட்சைத் தோட்டமும் மாடுகளும் உள்ள குடும்பம். காலையில் தேனியில் சர்ச்சில் கல்யாணம், மத்தியானம் மண்டபத்தில் விருந்து என்று முடிவானது. வருகிற எல்லாருக்கும் தேங்காய்ப் பைக்குப் பதிலாக, மிட்டாயோடு என் அத்தர் ஒரு குட்டி பாட்டில் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில் மனைவி வடுகபட்டியில் இருந்தாள். அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு வேறு ஆள் இல்லை. நான் தனியாகக் கலந்தேன். கையளவு எனக்கு மனப்பாடம். தப்பு வர வழியில்லை என்று நினைத்தேன். ஆனால் எப்போதும் வாங்கும் கோஷ்ட வேர் அன்று கடையில் இல்லை. “எண்ணெயாவே வந்துருக்குண்ணாச்சி, சுலபம்ல?” என்று கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். நான் வழக்கமாகச் சேர்ப்பது வேரை ஊறவைத்த எண்ணெய். அவர் கொடுத்தது காய்ச்சி வடித்த சாறு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பல மடங்கு காட்டமானது. மூக்கு உள்ள எவனும் மூடியைத் திறந்ததுமே பின்வாங்கியிருப்பான். நான் வழக்கமான அளவையே ஊற்றினேன்.

கல்யாணத்தன்று காலையில் தன் அம்மாவுக்குக் கண்ணில் வலி கூடிவிட்டதென்று மதுரைக்குக் கூட்டிப் போவதாக மனைவி போன் செய்தாள். நான் மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெண்ணுக்கு அலங்காரம் முடிந்திருந்தது. முதல் பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே திறந்து, இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் தடவிக்கொண்டாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு, “ரொம்ப நல்லாருக்கு சித்தப்பா” என்றாள். நான் அண்ணனுக்கும் தடவிவிட்டேன். என் சட்டையில் தாராளமாகப் பூசிக்கொண்டேன். மதினி மட்டும், “எனக்குத் தலவலி கொழுந்தனாரே, அப்புறம் போட்டுக்கிறேன்” என்று உள்ளே போனார்.

காரில் ஏறியதும் டிரைவர் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினார். சர்ச்சில் எங்கள் வரிசையில் எல்லாரும் பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை போல என்று நிமிர்ந்து பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மண்டபத்தில் பைகளைக் கொடுக்க ஆரம்பித்ததும் ஆட்கள் பாட்டிலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். சிலர் கையில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் வந்தார். உயரமான, பேச்சில் ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

“என்ன அண்ணாச்சி, எங்கனயோ கிடாயக் கட்டிப் போட்ட மாதிரி வாடை அடிக்கு. ஒங்களுக்குத் தெரியுதா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றிருக்கும். பக்கத்தில் இருந்த எங்கள் பஜார் ஆள் ஒருவர், “அவுகதான் மூக்குக்காரராச்சே, அவுகளையே கேளுங்க, கண்டுபிடிச்சுச் சொல்லிருவாக” என்றார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கண்ணை மூடினேன். மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை, வெறும் காற்று. கண்ணைத் திறந்து, “ஆட்டுத் தோல் வாடை. சமையல்கட்டுப் பக்கமிருந்து வருது” என்றேன்.

கிடா என்று அவர் சொன்னதால் தோல் என்றேன். பிரியாணி என்பதால் சமையல்கட்டு என்றேன். இதைவிட நல்ல ஊகம் எனக்குத் தோன்றவில்லை.

மண்டப மேனேஜரையும் கூட்டிக்கொண்டு நானே முன்னால் போனேன். பின்னால் ஒரு கூட்டம் வந்தது. சமையல்காரர் பிரியாணி அண்டாவைத் தம்மில் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“தோலையும் குடலையும் எங்கனய்யா போட்டீக?” என்றேன்.

“தோலா? அதெல்லாம் கறிக்கடையிலயே கழிச்சாச்சுங்க. இங்கன வந்தது சுத்தமான கறிதான்.”

“அப்ப இந்த வாடை எங்கயிருந்து வருது? நேத்துக் கறியா?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “விடியக்காலை அறுத்த கறிங்கய்யா. வேணும்னா தொறந்து காட்டுறேன்” என்றார். நான் குப்பைத் தொட்டியைக் கிளறச் சொன்னேன். சாக்கடை மூடியைத் தூக்கச் சொன்னேன். எல்லா இடத்திலும் குனிந்து மோந்து பார்ப்பதுபோல நடித்தேன். பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது.

அப்போது அண்ணன் வந்தார். என் முழங்கையைப் பிடித்து, பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துப் போனார்.

“ஏலே, போதும். தேடாத.”

“இல்லண்ணே, சம்பந்தி வீட்டுல கேக்காக...”

“அது ஒன் சென்ட்டுடா.”

எனக்குப் புரியவில்லை. அவர் தன் சட்டைக் காலரைப் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். “காலையிலருந்து இதோடதான் நிக்கிறேன். நீ ஆசையாச் செஞ்சு கொண்டாந்துட்ட, என்ன சொல்லன்னு தெரியாம இருந்தேன். ஒனக்குத் தெரியலயாடா?”

“சளிண்ணே. மூக்கடைப்பு” என்றேன். அப்போதும் பொய்தான் வந்தது. அண்ணன் நம்பவில்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் இல்லை.

மேசையில் மிச்சம் இருந்த பைகளிலிருந்து பாட்டில்களை நானே எடுத்தேன். தேவாரத்துப் பெண்கள் நாலைந்து பேர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, “ஏன் எடுக்கீக?” என்று கேட்டாள். “மூடி சரியில்ல” என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். சிரிப்பை மறைக்கவா, மூக்கைப் பொத்தவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்துகொண்டு பைகளைக் கலைத்தேன்.

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். நான் ஓரமாக, கடைசியில் நின்றேன். பெண் கையை நீட்டி என்னைப் பக்கத்தில் இழுத்தாள். அப்போதுதான் பார்த்தேன். அவள் மணிக்கட்டு இரண்டும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தன. கழுத்தில் நகைக்குக் கீழேயும் அப்படியே. சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறாள். போகவில்லை. அந்த வாசத்தோடுதான் சர்ச்சில் நின்று உறுதிமொழி சொல்லியிருக்கிறாள்.

“சித்தப்பா, கேமராவப் பாருங்க” என்றாள், சிரித்த முகமாக.

சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். போடி பஸ் நிறைய ஆள். என் பக்கத்து இடம் மட்டும் காலி. ஒருவர் வந்து உட்கார்ந்து, உடனே எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து சட்டையை வாளியில் போட்டேன். சீயக்காயும் சோப்பும் போட்டுத் தோல் எரியும் வரை குளித்தேன். ஈரத்தோடு நின்று கையை மோந்து பார்த்தேன். வாசம் போயிற்றா, இருக்கிறதா? அதை எனக்குச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லை.

மறுநாள் வடுகபட்டிக்குப் போனேன். பூண்டுச் சந்தை உள்ள ஊர் அது. உள்ளே நுழைந்ததும் பூண்டு வாடை முகத்தில் அடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதுவும் இல்லை. மதுரையிலிருந்து திரும்பியிருந்த மனைவி, மாமியாருக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினாள்.

“என்னங்க இது, மாட்டுத் தொழுவத்துல படுத்துட்டு வந்தீகளா?”

எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து அத்தர் கலந்தது வரைக்கும். மண்டபத்துக் கதையில் அவள் உச்சுக்கொட்டினாள். முகத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் கோபம் வந்தது.

“எங்கிட்டச் சொல்லாம எம் மூஞ்சியப் பாத்து வியாபாரம் பண்ணியிருக்கீக.”

“ஆமா.”

“நான் ஒங்க மனசு கோணக் கூடாதுன்னு நல்லாருக்குன்னு சொல்லுவேன். அதுக்காகச் சிரிச்ச மூஞ்சியாவும் இருப்பேன். பாதி நாளு எனக்கு அது புடிக்கவே புடிக்காதுங்க. தலையச் சுத்தும்.”

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நான் நம்பியிருந்த ஒரே அளவும் அளவாக இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு குமுளிக்கும் கொச்சிக்கும் அனுப்பிய பாட்டில்களெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். திரும்ப வாங்காத ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மனைவி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “மொதல்ல அண்ணன் மககிட்டப் போய்ச் சொல்லுங்க. அண்ணன்கிட்டயும் சளின்னு சொல்லிட்டு வந்துருக்கீகளே” என்றாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது போய்ச் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது. “இத்தன நாளா எதையும் மோந்து பாக்கலயா சித்தப்பா? மல்லிகைப்பூவ? மழை பேஞ்சா?” என்று கேட்டாள். தன் கல்யாணம் கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் தாங்கவில்லை. பேச்சோடு பேச்சாக அண்ணன் ஒன்று சொன்னார்: அன்று பிரியாணி பெரும்பாலும் அப்படியே மிஞ்சிவிட்டது. கறி கெட்டது என்று பந்தியில் பேச்சு பரவி, ஆட்கள் சாம்பார் சாதத்தோடு எழுந்துவிட்டார்கள்.

அந்தப் பேச்சைக் கிளப்பிய வாய் என்னுடையது.

சமையல்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு தேனிக்குப் போனேன். வாசலில் நிற்கவைத்தே பேசினார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“ஒங்களுக்கு மூக்கு இல்லாதது ஒங்க கஷ்டம்ங்கய்யா. ஆனா அல்லிநகரத்துல ஒரு புதுவீட்டு விசேசம் எங்கிட்டச் சொல்லியிருந்தாக. ஒங்க கல்யாணத்துக்கு வந்திருந்தவுகதான். கெட்ட கறி போட்டேனாம், வேணாம்னுட்டாக” என்றார்.

அந்த வீட்டு அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு நேராக அங்கேயே போனேன். பையில் ஒரு பாட்டில் இருந்தது. கதவைத் திறந்த அம்மாளுக்கு நான் யாரென்றே தெரியாது. கல்யாண மண்டபம், அத்தர், மூக்கு என்று நான் சொல்லச் சொல்ல, பைத்தியமோ என்கிற பார்வை பார்த்தார். பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் சடாரென்று முகத்தைத் திருப்பி, “அய்யய்யோ, இதே வாடைதான்! இதேதான் அன்னைக்கு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு சமையல்காரருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று, இனிமேல் மாற்ற முடியாது என்றார் அந்த அம்மாள். “பாவம், நல்ல மனுசன்” என்று சமையல்காரரைப் பற்றியும் சொன்னார்.

திரும்பிப் போய்ச் சமையல்காரரிடம் சொன்னேன். அவர், “வந்து சொன்னீக, சரி. ஆனா நீங்க சொன்னது ஒரு வீட்டுல. அன்னைக்கு அந்தப் பேச்சக் கேட்டது ஒரு மண்டபம்ங்கய்யா” என்றார்.

அதன்பிறகுதான் புதுமணத் தம்பதிக்குப் போடியில் எங்கள் வீட்டில் விருந்து வைத்தேன். இரண்டு பக்க உறவையும், பஜார் ஆட்களையும் அழைத்தேன். சமையலுக்கு அவரையே கேட்டேன். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். மனைவி போய்ப் பேசியபிறகு சம்மதித்தார். பந்தி உட்கார்ந்ததும், பரிமாறுமுன் எழுந்து நின்றேன். அன்று அடித்தது என் அத்தர் வாடை, கறியில் ஒரு குறையும் இல்லை, எனக்கு வாசமே தெரியாது, தெரிந்ததுபோல நடித்து இந்த மனிதர்மேல் பழியைப் போட்டேன் என்று சொன்னேன். சமையல்காரர் வாசற்படியில் கையில் கரண்டியோடு நின்று கேட்டார்.

தாய்மாமன், “அட, அப்ப நான் சொன்ன கிடா நீங்கதானா அண்ணாச்சி!” என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். என் மனைவி சிரிக்கவில்லை. பிரியாணியை எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சமையல்காரர் கிளம்பும்போது மனைவியிடம் மட்டும், “வாறேன்மா” என்றார். தாய்மாமன் தன் வீட்டுக் காதுகுத்துக்கு அவரையே பேசியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஏலக்காய்ச் சாக்கை அடுக்கியாயிற்று. கிராம்பைக் கொண்டுவருகிறவர்களிடம், “எனக்கு மூக்கு வேலை செய்யல, நீங்களே மோந்து பாத்துக்கோங்க” என்று சொல்கிறேன். சிலர் இரக்கப்படுகிறார்கள். சிலர் நான் இத்தனை நாள் சொன்னதையெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர்கள் முகத்தில் தெரிகிறது.

போன மாதம் அண்ணன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் தேவாரத்து வீட்டில் பின்னணியில் ஏதோ பேச்சுச் சத்தம். “யாருடி போன்ல?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. இன்னொரு குரல், “கிடா சித்தப்பா” என்றது. சிரிப்புச் சத்தம். அவள் அவசரமாகப் போனைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்து, “கேட்டுச்சா சித்தப்பா?” என்றாள்.

“இல்லையே, என்னது?” என்றேன்.